தொற்றிய தெம்பு

தடுப்பூசிக்குத் தெம்பூட்டும் புதிய துணைமருந்து ஒன்றை ஆராய்ச்சியாளர் ஒருத்தி கிழட்டு எலிகளுக்குப் போட்டுப் பார்த்தாள். எதிர்ப்புச்சக்தி கிடுகிடுவென ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் மட்டும் போட்ட பக்கத்துக் கூண்டு எலிகளுக்கும் அதே அளவு ஏறியிருந்தது. மறுபடி சோதித்தும் மாறவில்லை.

“கூண்டுக்குக் கூண்டு வம்பளந்திருக்கும் மேடம்” என்று சிரித்தார் உதவியாளர்.

அப்போது அவளுடைய அக்கா போனில் அழைத்தாள். சிறுநீரகம் மாற்றியபின் எந்தத் தடுப்பூசியும் அவள் உடம்பில் எடுபட்டதில்லை.

“ஏய், எனக்கும் எதிர்ப்புச்சக்தி வந்துடுச்சாம்! டாக்டருக்கே ஒண்ணும் புரியல. எதுலடி கலந்து குடுத்தே?”

“ஒண்ணுமே குடுக்கலக்கா. ஞாயித்துக்கிழமை உன்னைக் கட்டிப்பிடிச்சேன், அவ்வளவுதான்.”

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அவள் போனை வைத்ததும், உதவியாளர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு கைகுலுக்கக் கையை நீட்டினார்.

“வீட்டுல கைக்குழந்தை இருக்கு மேடம்.”