ஊதாப் புள்ளிகள்

உலக மருத்துவ வரலாற்றின் புதிய அத்தியாயம், 2003 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரதராசன்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொடங்கியது. அப்படித்தான் அறிவித்தார், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வந்திருந்த விலங்கியல் பேராசிரியர் திருமுருகன். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவந்த கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். யாரோ ஒருவரின் தைராய்டு புற்றுநோய்க் கட்டியிலிருந்து சீவிய துணுக்கு அதில் இருந்தது.

பிள்ளைகள் பார்த்து முடித்ததும் சத்துணவு சமைக்கும் சாந்தி மேரி குனிந்தாள். நிமிரவேயில்லை.

“மேரி, அண்டா கழுவலையா?” என்றார் தலைமையாசிரியர்.

அவள் காதில் விழவில்லை. “கட்டியைச் சுத்தி ஊதாப் புள்ளியா இருக்கே, என்னங்க சார்?”

“நோயை எதிர்க்கிற செல்கள்மா. ஒரே வகையில்ல. கொல்றது ஒண்ணு, ஆள் காட்டுறது ஒண்ணு, ஞாபகம் வெச்சுக்கிறது ஒண்ணு.”

“ஏலாக்குறிச்சித் தேருக்குக்கூட இத்தனை விதமா சனம் கூடாதுங்க! எல்லாம் இந்த ஒரு ஆளுக்காகவா?” அவள் கண்ணாடித் துண்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டாள். “அந்த ஆளு பொழைச்சுட்டாங்களா சார்?”

தெரியாது என்று சொல்லிப் பழகாத பேராசிரியர், கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எவ்வளவோ போராடினோம்மா. போய்ச் சேர்ந்துட்டாங்க.”

சாந்தி மேரி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பரை இன்னொரு தடவை படித்தாள். சேலைத் தலைப்பை விலக்கினாள். கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு.

“இந்த நம்பர் போட்ட சீட்டைத்தான் நாலு வருஷமா செக்கப்புக்குத் தூக்கிட்டுப் போறேங்க. இது என் கழுத்துலேர்ந்து எடுத்தது.”

மதியம் பேராசிரியர் மூன்று தடவை கேட்டு வாங்கிய சாம்பாரை வைத்தவளும் அவள்தான்.