ஸாக்ரோ பிரபுவின் ரொட்டி

“நாளைக்கு ஒரு அநாதைப் பொண்ணுக்கு ரொட்டி கொடுக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு, பவுதிலியோ நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

அவர் மனைவி நூபியா சூப்பை அடுப்பில் கொதிக்க விட்டுவிட்டு ஓடி வந்தாள். “ஐயையோ! பாதியா, முழுசா?”

“முழுசா. நான் ஒரு துணுக்குகூட வாயில வெக்கக்கூடாதாம். அப்படித்தான் எழுதியிருக்கு.”

“கண்ணீர் உண்டா?”

“ஒரு கண்ணுல மட்டும்.”

நூபியா அவசரமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள், பாவம்! ‘ஏழு எரிமலை ராஜ்ஜியம்’ தொடரில் பவுதிலியோதான் ஸாக்ரோ பிரபு. கூடப்பிறந்த அண்ணனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டு நாட்டைப் பிடுங்கிக்கொண்ட படுபாவி. பொகொத்தாவில் டிவி உள்ள வீடெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கும்.

திட்டு விழும்வரை வில்லனுக்குக் கவலையில்லை. திருந்தினான் என்றால் ஒரே வாரத்தில் சவப்பெட்டி. சூனியக்கார ராணி ஒரு செவ்வாய்க்கிழமை மூத்தாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டாள், வியாழக்கிழமை மலையிலிருந்து உருண்டாள். கூலிக்குக் கொலை செய்கிறவன் கூண்டைத் திறந்து ஒரு குருவியை விட்டான், அன்றைக்கே முதுகில் ஈட்டி. குருவிக்கே அந்தக் கதி என்றால், ரொட்டிக்கு?

“எனக்கு அப்பவே சந்தேகம்யா” என்றாள் நூபியா. “மூணு மாசமா நீ ஏன் கெட்டவனானேன்னு காரணம் சொல்லிட்டு வர்றாங்க. அம்மாக்காரி அண்ணனை மட்டும்தான் மடியில வெச்சுக்குவாளாம். ஊரே ‘அவனும் பாவம்தானே’ங்குது.”

“பழக்கடை எதெல்மிரா இன்னிக்கு ஒரு மாம்பழம் சும்மா கொடுத்தா.”

“போன மாசம் அழுகின தக்காளியால அடிச்சாளே, அவளா? போச்சு, எல்லாம் போச்சு!”

இருபத்திரண்டு வருடமாகப் பவுதிலியோ பிணமாக நடித்திருக்கிறார், இரண்டாவது காவல்காரனாக நின்றிருக்கிறார், நாய்த்தீனி விளம்பரத்தில் கிண்ணத்தை நீட்டும் கையாக மட்டும் வந்திருக்கிறார். பெயருள்ள வேஷம் கிடைத்தது வாழ்க்கையிலேயே இதுதான். இதையும் விட்டால் ஐம்பத்து நாலு வயதில் திரும்பவும் அந்தக் கிண்ணம்தான்.

அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கவும் வழியில்லை. கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்று, அவரவர் காட்சித் தாளை மட்டும் முந்தின நாள் சாயங்காலம் கையில் கொடுப்பார்கள். மிச்சக் கதை, எழுதுகிற தோன்யா ஒதிலியாவுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கடவுளுக்குமே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும் என்று படப்பிடிப்பில் பேச்சு.

கொய்யாப்பழ அல்வா ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பவுதிலியோ நேரே அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்த தோன்யா ஒதிலியா நிமிர்வதற்குள், தரையில் மண்டியிட்டுவிட்டார்.

“என்னைத் திருத்தாதீங்க தோன்யா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்.”

“எந்திரிங்க, பவுதிலியோ. ஸாக்ரோவை யார் இப்ப திருத்தினா?”

“ரொட்டி கொடுக்கச் சொல்லிட்டு, யார் திருத்தினாங்கறீங்களே! அதைப் பிடுங்கி மண்ணுல போட்டு மிதிச்சுடுறேனே. அந்தப் பொண்ணைப் பாத்துக் காறித் துப்பி, கோட்டையை விட்டே துரத்திடுறேன்.”

தோன்யா ஒதிலியா கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தாள். “யோசிச்சுத்தான் கேக்குறீங்களா? மூணு மாசமா அந்தக் காட்சிக்காகத்தான் எழுதிட்டு வர்றேன். அதை மாத்தினா அந்தப் பொண்ணோட கதையே மாறிப்போகும்.”

“மாறட்டும் தோன்யா. அவ சின்னப் பொண்ணு, எங்க போனாலும் பொழைச்சுக்குவா. எனக்கு இதை விட்டா நாய்க்கிண்ணம்தான்!” என்று சொல்லும்போதே பவுதிலியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இது ஒற்றைக் கண்ணீர் இல்லை, மூக்கெல்லாம் ஒழுகியது.

ஆண்பிள்ளை அழுதால் அந்த அம்மாளுக்குத் தாங்காது. மூன்று கல்யாணம் பண்ணிக்கொண்டதே அதனால்தான் என்பார்கள்.

“சரி, சரி, நிறுத்துங்க. எனக்கும் அந்தக் குழந்தையை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.” பேனாவை எடுத்து ஒரு பக்கத்தை முழுக்க அடித்தாள். மேலே நாலு வரி எழுதி, செல்போனில் படம் பிடித்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. “அச்சுக்குப் போயிடுச்சாம். இனி நானே நெனச்சாலும் மாத்த முடியாது.”

பவுதிலியோ அவள் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். “என் வயித்துல பால் வார்த்தீங்க! இனி ஸாக்ரோ எத்தனை நாள் இருப்பான்?”

“வியாழக்கிழமை வரைக்கும்.”

“எ... என்னது?”

“நீங்க துரத்தின பொண்ணு உங்க அண்ணன் மக. காட்டுக்குப் போயி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, கோபுரத்துலேருந்து உங்களைத் தள்ளிடுவா.”

பவுதிலியோ மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “ரொட்டி கொடுத்திருந்தா மட்டும் விட்டுவெச்சிருப்பாளா?”

தோன்யா ஒதிலியா அல்வா டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள்: “அந்த ரொட்டியில விஷம் வெச்சதே நீங்கதானேய்யா!”