கரப்பான் பத்தியம்

வெந்நீர்ச் செம்போடு அவள் கை அப்படியே நின்றது.

குப்புறக் கிடந்த குழந்தையின் இடுப்பில் ஒரு வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும். ஓரம் சிவந்து தடித்திருந்தது. நடுவில் தோல் தெளிந்திருந்தது.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? அதே வட்டம் மூன்று மாதமாக அவள் தொடையில் இருக்கிறது.

அந்தத் தொடைமேல்தான் குழந்தை கிடந்தது.

பேச்சித்தாய் பச்சைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள். காலையில் நான்கு வீடு. மணையில் உட்கார்ந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு கால்களை நீட்டுவாள். பிள்ளையை அதன்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவாள். எழுந்தால் சேலை சொட்டும். அதே ஈரத்தோடு அடுத்த வீடு. பதினேழு வருடமாக இதுதான்.

அரிப்பு வந்தபோது மெடிக்கலில் கேட்டாள். ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. போடுவதை விட்டாள். முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. மறுபடி ட்யூப். மறுபடி அடங்கியது. மறுபடி வந்தது.

போன வாரம்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள். இது படர்தாமரை. பூஞ்சை. அந்த ட்யூப் அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். மாத்திரை தருகிறேன், வேறு களிம்பு தருகிறேன், மறைந்துவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. ஈரத்துணி ஆகாது. உன் துணியைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடு. இது ஒட்டும். பிள்ளைகளைத் தூக்காதே.

என்ன வேலை பார்க்கிறாய் என்றும் கேட்டாள்.

வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள் பேச்சித்தாய்.

மறுநாளும் நான்கு வீட்டுக்கும் போனாள். போகாமல் என்ன செய்ய? ஒரு மாதம் நின்றால் வேறொருத்தி அங்கே கால் நீட்டியிருப்பாள். சேலையைத் தொடைமேல் இழுத்து விட்டுக்கொண்டு குளிப்பாட்டினாள். நனைந்த சேலை எதைத் தடுக்கும்?

"என்னதுட்டி அது?"

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்தாள். குழந்தையின் அப்பாவைப் பெற்றவள். அவளுக்குப் பின்னால் மருமகள் கோமதி, பிள்ளை பெற்று முப்பது நாள் ஆனவள். தாய் இல்லாத பெண் என்பதால் பேறுகாலமும் மாமியார் வீட்டில்தான்.

உண்மையைச் சொன்னால் இன்றோடு பிழைப்பு போச்சு. நாளைக்கு ஊரே சொல்லும்.

"கரப்பான் மாதிரி இருக்கும்மா," என்றாள்.

பாவி. வாய் கூசாமல் சொன்னாள்.

ஆவுடையம்மாளுக்கு அது போதும். கரப்பான் என்றால் தாய்ப்பாலில் இருந்து வருவது. தாய் கண்டதைத் தின்றால் பிள்ளையின் மேலில் தெரியும். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, கடலை.

"என்னத்தத் தின்ன?"

"ஒண்ணும் திங்கல அத்தை."

"பின்ன வானத்துல இருந்து விழுந்துச்சாக்கும்?"

அன்று மதியத்தில் இருந்து கோமதிக்கு மிளகு ரசமும் சோறும்தான். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். குழந்தைக்குக் குப்பைமேனி அரைத்துப் பூசினார்கள். வட்டம் ஒன்று மூன்றானது. அப்பளமும் நின்றது.

பேச்சித்தாய் மூட்டுவலி என்று சொல்லிக் குழந்தையைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டினாள். சேலையை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினாள். அவள் தொடையில் இருந்தது வாடத் தொடங்கியது. அதைப் பார்க்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

கோமதிக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தை காம்பைக் கடித்து இழுத்து, ஒன்றும் வராமல் கத்தியது. அந்தக் கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஒன்பதாம் நாள். ஆவுடையம்மாள் அடுக்களையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். கோமதி தொட்டி அருகில் வந்து குத்தவைத்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு தாயி."

"தூக்கத்துல எந்திரிச்சு நான் எதுவும் தின்னுருப்பனோ?"

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். கோமதி விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"திங்கலன்னுதான் நெனச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குக்கா. எனக்குத் தெரியாமலே தின்னுருப்பேன் போல. எம்பிள்ளைய நானே இப்படி ஆக்கிட்டேன்."

இருபத்திரண்டு வயதுப் பெண். இவளிடம் போய் இதைச் செய்தோமே.

"நீ ஒண்ணும் திங்கல."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் குழந்தையைத் துவட்டித் தாயின் கையில் கொடுத்தாள்.

"உங்க அத்தைய இங்க வரச்சொல்லு."

கோமதியின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்க்கா. அவங்ககிட்ட சொல்லிராதீங்க."

"ஏம்மா," என்று பேச்சித்தாயே குரல் கொடுத்தாள். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பிள்ளை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பேச்சித்தாய் எழுந்தாள்.

அவள் வாய் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள்.

"நாந்தான் அத்தை. கருவாடு தின்னேன்."



"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றாள் ஆவுடையம்மாள். பேச்சித்தாயிடம் திரும்பினாள். "நீ சொன்னது சரியாத்தான் இருந்துருக்கு பேச்சி."

பிறகு அடுக்களைக்கே போய்விட்டாள். என்ன சொல்லக் கூப்பிட்டாய் என்று அவள் கேட்கவே இல்லை.