தங்கவேலு கேட்ட டெய்லர்

நாகஜோதி ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தாள். அதுவும் ஒரே ஆளை, வருஷக்கணக்காக.

திருப்பூரில் அவள் நடத்தியது சின்னத் தையல் பயிற்சி மையம். பிழைக்க வந்த பெண்களுக்கு ஓவர்லாக் மிஷினில் தைக்கக் கற்றுக்கொடுத்து, பனியன் கம்பெனிகளுக்கு அனுப்பிவைப்பாள். கையில் வேகம் இருந்தால் கம்பெனிக்காரர்களே வேன் கொண்டுவந்து கூட்டிப் போவார்கள்.

வேகம் இல்லாதவர்கள்தான் தலைவலி. தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டில் கூட்டாகச் சேர்ந்து தைக்கிற இடத்தில் ஒருத்தி பின்தங்கினால் எல்லார் சம்பளமும் படுத்துவிடும். யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அந்த மாதிரி ஆட்களையெல்லாம் அவிநாசிபாளையத்தில் கம்பெனி வைத்திருந்த தங்கவேலுவின் தலையில் கட்டிவிடுவாள். "தங்கமான டெய்லருங்கண்ணா" என்று போனில் வாய் கூசாமல் சொல்வாள்.

"சரிங்க டீச்சர், அனுப்பி உடுங்க" என்பார் அவர். ஒருத்தியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அப்பாவி!

இந்த முறை அவர் டெய்லர் கேட்டபோது போக வேண்டியவள் ராமுத்தாய். உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் போனபிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள். தையல் சுத்தமாக வரும். ஆனால் கை மெதுவு. மற்றவர்கள் ஒரு கட்டு முடிக்கையில் அவள் பாதிக் கட்டில் நிற்பாள்.

நாகஜோதிக்கே மனசு உறுத்தியது. எத்தனை தடவைதான் அந்த மனுஷனை ஏமாற்றுவது? பட்ட நன்றிக்கடனுக்கு ஒரு தடவையாவது நல்ல ஆளாக அனுப்புவோம் என்று, மையத்திலேயே படு வேகமான சனோபரை அனுப்பிவைத்தாள்.

"டீச்சர், எனக்கு எங்கயும் கெடைக்கலேன்னா ஊருக்கே போயிர்றேன்" என்றாள் ராமுத்தாய். "களையெடுத்தா கஞ்சிக்கு ஆகும். புள்ள படிப்பத்தான் நிப்பாட்டணும்."

"கொஞ்சம் பொறுங்கக்கா, பாப்போம்."

பார்ப்பதற்கு வேறு இடமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாரமே கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. தங்கவேலு இறங்கினார். பின்னாலேயே, ஒன்றும் புரியாத முகத்தோடு சனோபர்.

நாகஜோதி அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் அப்பறமுங்க. இந்தப் பொண்ணு கையைப் பாத்தனுங்க டீச்சர். என்ன வேகம்! நீங்க அனுப்புனதுல இப்பிடி ஒரு டெய்லரை நான் பாத்ததே இல்லீங்க."

போச்சு. நல்லதைக் காட்டப் போய், இதுவரை தள்ளிவிட்டதெல்லாம் என்ன சரக்கு என்று அவருக்கு அவளே படம் போட்டுக் காட்டிவிட்டாள்.

"அண்ணா... வேற யாரும் எடுக்காதவங்களத்தான் பொய் சொல்லி உங்களுக்கு அனுப்புனேன். எம்மேல கோவப்படுங்க. அவங்களை மட்டும் நிப்பாட்டிராதீங்க."

தங்கவேலு கூச்சத்தோடு பிடரியைத் தடவிக்கொண்டார். "அட, மொத ஆளு வந்த அன்னிக்கே தெரியுமுங்க. அதனாலதான அவங்களைப் பீஸ் ரேட்டுல போடாம, நாளுக்கு இவ்வளவுன்னு ஷிப்ட்டு சம்பளத்துல தனியா உக்கார வெச்சிருக்கறன். போன்ல பொய் சொல்றப்ப உங்க கொரலே கம்மிப் போயிருமுங்களே!"

"தெரிஞ்சேவா எடுத்தீங்க?"

"பொழைக்க வந்த சனங்க தச்சுக் குடுத்துத்தானுங்க எனக்கு இந்தக் கம்பெனி, ஊடு எல்லாம். திருப்பிச் செய்யோணும்னு ஆசை. எப்பிடின்னு தெரியல. நீங்களே ஆளையும் அனுப்பி, வழியும் காட்டறீங்கன்னு பேசாம இருந்துட்டனுங்க."

நாகஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. அப்பாவி என்று நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"அப்பறம் எதுக்குண்ணா சனோபரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"எங்கிட்ட காலியா இருக்கறது அந்த ஷிப்ட்டு சம்பள எடந்தானுங்க, அதுல உக்காந்தா இந்தக் கண்ணுக்குத்தான் நட்டம். பீஸ் ரேட்டு கம்பெனின்னா ரெண்டு பங்கு சம்பாரிக்கும்" என்றவர், குரலில் நிஜமான கோபத்தோடு கேட்டார்:

"அதை உடுங்க. எனக்கு அனுப்ப வேண்டிய ஆளை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?"