கிணற்று மேட்டுக்குப் போகும் வழி

ஒரு மைனா ஜோடிக்கு ஒரே ஒரு குஞ்சு. முதன்முதலாகப் பறந்த அன்றே, தூரத்துக் கிணற்று மேட்டில் அதைப் பருந்து அடித்துவிட்டது. அன்று இரண்டும் சேர்ந்து அழுதன. மறுநாளிலிருந்து ஆண் மைனா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"உனக்கு அவன் ஞாபகமே வரலையா?" என்று பெண் மைனா கேட்டது.

"போனதைப் பேசி என்ன ஆகப்போகுது? சுள்ளி பொறுக்கணும்" என்று அது கிளம்பிவிட்டது.

'ஆணோட மூளையே இப்படித்தான். வேலையைத் தவிர எதுவும் அதில் தங்காது' என்று நினைத்துக்கொண்ட பெண் மைனா, தினமும் காலையில் தனியாகக் கிணற்று மேட்டுக்குப் போய் அழுதுவிட்டு வரும். செங்கல் சூளை, நீலத் தண்ணீர்த் தொட்டி, மொட்டைப் பனை என்று அடையாளம் பார்த்துப் பார்த்துப் போகும்.

ஒருநாள் அந்தப் பனையை யாரோ வெட்டிவிட்டார்கள். வழி தெரியாமல் சுற்றியலைந்த பெண் மைனா, பொழுது சாயும்போதுதான் கிணற்று மேட்டை அடைந்தது. அங்கே ஒரு கல்லில் ஆண் மைனா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"நீ எப்படி இங்கே?"

"தினமும் சாயங்காலம் வர்றேன். இறங்குற சூரியனைப் பார்த்து நேராப் பறந்தா வந்துடும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பெண்ணோட மூளைதானே, நான் பேச்சை எடுக்காம இருந்தா சீக்கிரம் மறந்துடும்னு நினைச்சேன்."

பெண் மைனா அதை ஒட்டி உட்கார்ந்தது. இரண்டு மாதமாக அதே கல்லில்தான், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, இரண்டும் தனித்தனியே அழுதிருக்கின்றன.