மூச்சை அளந்த சம்பந்தி

"பொண்ணுக்கு வயசு இன்னான்னு நான் கேக்கலை. எந்த வயசுல பெரிய மனுசி ஆச்சு? அத்த சொல்லு தாயே!"

பெண் பார்க்க வந்த லோகநாதன் இப்படிக் கேட்டதும் கெங்கம்மா மகள் குணசுந்தரியைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்வியில்தான் மூன்று சம்பந்தங்கள் முறிந்திருந்தன. முகத்துவாரக்குப்பத்தில் மற்றப் பெண்களுக்கெல்லாம் காலாகாலத்தில் பச்சை ஓலைக் குடிசை கட்டியாயிற்று. குணசுந்தரிக்கு மட்டும் பதினேழு முடிந்துதான் தாய்மாமன் ஓலை வெட்டினான். அதுவரை, "பனைமரமாட்டம் வளர்றா, காய்க்கத்தான் காணோம்" என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா குப்பம் முழுக்க விநியோகித்தாள்.

"பொய் சொல்ல வாய் வர்லீங்க. பதினேழு முடிஞ்சப்புறம்தான்..."

"சபாஷ்!"

லோகநாதன் தொடையில் தட்டினார். ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் அவர் கம்பவுண்டர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் காது கேட்காது. டாக்டர் என்றால் மூன்றாம் தெருவிலிருந்தும் கேட்கும். வெயிலுக்கு அஞ்சாமல் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கூட வந்திருந்த மாப்பிள்ளை மனோகரன் அப்பா பேசும்போது வாய் திறக்கமாட்டான். மற்ற நேரம் என்று ஒன்று அவனுக்கு வாய்த்ததில்லை.

"சயன்ஸ் இன்னா சொல்லுது தெரியுமா? சீக்கிரம் ஆளான பொண்ணு சீக்கிரம் வளந்து சீக்கிரம் நின்னுடும். நெஞ்சுக்கூடும் அத்தோட நின்னுடும். லேட்டா ஆனவளுக்கு எலும்பு நீண்டுகினே கீது, நெஞ்சு விரிஞ்சுகினே கீது. உள்ளே நுரையீரல் தாராளமா குடித்தனம் பண்ணும்!"

"அய்ய! பொண்ணு பாக்க வந்தாரா, நெஞ்சு பாக்க வந்தாரா?" என்றாள் வாசலில் நின்ற பூவம்மா.

லோகநாதன் அதைச் சட்டை செய்யாமல் கூடவே கொண்டுவந்திருந்த மூட்டையை அவிழ்த்து ஒரு மிசினை எடுத்து வைத்தார். வெள்ளைக்காரக் கப்பல் டாக்டர் ஒருவரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குள் தகர உருளை ஒன்று கவிழ்ந்திருந்தது. ரப்பர் குழாயில் ஊதினால் உருளை எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு மூச்சு.

"இப்படி ஊதணும்" என்று முதலில் அவரே ஊதிக் காட்டினார். கண் பிதுங்கியது. உருளை லேசாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு இன்னிக்கி கொஞ்சம் ஜலதோசம். நீ ஊதும்மா."

குணசுந்தரி முகத்துவாரத்தில் முங்கி இறால் தடவுகிறவள். ஒரே ஊது. உருளை விர்ரென்று எழும்பித் தொட்டியை விட்டே குதித்துத் தொட்டியையும் சாய்க்க, தண்ணீர் முழுவதும் கம்பவுண்டரின் மடியில் இறங்கியது.

கெங்கம்மா பதறிப்போனாள். லோகநாதனோ கோட்டைக்கூடப் பிழியாமல் கண் கலங்கினார்.

"நகை வேணாம், பாத்திரம் பண்டம் வேணாம். இந்த மூச்சு போதும் சம்மந்தி! தை மாசமே முகூர்த்தம்."

"மூச்சை வெச்சிகினு அங்கே வந்து நான் இன்னா பண்றது மாமா?" என்றாள் குணசுந்தரி.

"நுரையீரல்தாம்மா ஒரு குடும்பத்துக்கு மூலதனம்!"

கெங்கம்மா அழுதாள். இத்தனை வருஷமாகத் தலைகுனிய வைத்தது ஒரு நொடியில் தலை நிமிர வைத்துவிட்டதே! முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"கேட்டுக்கினியாடி பூவம்மா? என் பொண்ணுக்கு இன்னும் விரிஞ்சுகினே கீதாம்!"

தையில் கல்யாணம் முடிந்தது. மறுநாள் காலை ராயபுரம் வீட்டில் மாமியார் பட்டம்மாள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி மருமகளைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனாள். கண் எரியும் புகை. பெரிய அடுப்பில் ஈரம் சொட்டும் பலகைத் துண்டுகள் கிடந்தன.

"உன் மாமனாரு காசு குடுத்து விறகு வாங்கமாட்டாரும்மா. ஹார்பர்ல உடைஞ்சி கெடக்கற படகுப் பலகையா பொறுக்கிகினு வந்து போடுவாரு. வருசக்கணக்கா உப்புத் தண்ணியில ஊறின கட்டை, லேசுல தீ பத்தாது. ஊதி ஊதி என் நெஞ்சு போயிடுச்சி" என்ற பட்டம்மாள், இரும்பு ஊதுகுழலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அதான் அந்த மிசினைத் தூக்கிகினு குப்பம் குப்பமா அலைஞ்சாரு."