எங்கே வெட்டுவது

"எம்.சி.ன்னு போட்டிருக்கு இன்ஜினியரம்மா. வெட்டலாமா, கூடாதா?"

கவிழ்த்த தள்ளுவண்டியின் மேல் விரித்திருந்த வரைபடத்தில் விரலை வைத்தபடி நிக்கனோர் மேஸ்திரி போனில் கேட்டான். காலையில் மெக்சிகோ நகரம் நடுங்கியதில், அவர்கள் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. உள்ளே அவன் தம்பி ஃபெர்மின். கான்கிரீட் அறுக்கத் தெருவுக்கே ஒரு கட்டர்தான். ஓர் இடத்தைத்தான் முதலில் வெட்ட முடியும்.

"தொடாதீங்க. பாரம் தாங்குற சுவர் அது," என்றாள் எல்விரா. வரைபடம் அவள் போட்டது.

"முழுசா எழுதினா மை தீந்துடுமா?"

"எழுதியிருந்தா மட்டும் படிச்சிருப்பீங்களாக்கும். இடப்பக்கம் டி.ஐ. இருக்கா?"

"இருக்கு."

"குழாய் இறங்குற சந்து. அறுபது சென்டி அகலம். ஆள் நுழையலாம். அதோட மூலையில வெட்டுங்க."

அவள் குரல் நடுங்கியது. பயம் என்று நினைத்தான். யாருக்குத்தான் பயமில்லை? அதிர்ச்சிக்கு நல்லதென்று அடுத்த வீட்டுப் பெண் அவன் கையிலும் ஒரு ரொட்டியைத் திணித்துவிட்டுப் போனாள்.

"நீங்களும் ஒரு ரொட்டி தின்னுங்க, பயம் தெளியும். வீட்லதானே இருக்கீங்க?"

"பேச்சைக் குறைங்க மேஸ்திரி. சார்ஜ் பதினோரு சதவீதம்."

கட்டர் அலறியது. சற்று நேரத்தில் மேலே நின்றவன், சத்தம் கூடாதென்று முஷ்டியை உயர்த்தினான். கட்டர் நின்றது. தெரு முழுக்க முஷ்டிகள் உயர்ந்தன. யாரும் மூச்சுவிடவில்லை.

"அண்ணே..." என்றது ஓட்டை.

நாற்பது நிமிடம் கழித்து ஃபெர்மினை இழுத்துப் போட்டார்கள். உடம்பெல்லாம் மாவு பூசியதுபோல் வெள்ளை.

"ஒரு செருப்பைக் காணோம்ணே."

"வாயை மூடு," என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதான் நிக்கனோர். பிறகு போனை எடுத்தான்.

"வந்துட்டான் இன்ஜினியரம்மா. அடுத்த தெருவுல கட்டர் கேக்கறாங்க. குடுத்துடவா?"

"கொஞ்சம் இருங்க." பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "கீழ்த்தளம் பாருங்க. சி.எம்."

"மோட்டார் ரூம். அது எனக்கே தெரியும். அங்க யாரு இருக்கா?"

"நான்தான். தண்ணி இப்பதான் நெஞ்சுக்கு வந்திருக்கு."